யாரு கேட்டு வாங்குனா?

அம்மா நெதர்லாந்துல நான் இருக்குற ஐந்தோவன் ஊருக்கு வந்த மூணாவது நாளோ நாலாவது நாளோ, தூக்கக் கலக்கமெல்லாம் தெளிஞ்சு சன்னல் பக்கத்துல டீ டம்ளரோட உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. காலைல எட்டு மணி, ஸ்கூல் நேரம். கீழ செவப்புத் தார் போட்ட சைக்கிள் பாதைல புள்ளைங்க கும்பல் கும்பலா போகுதுங்க, ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கை போட்டுக்கிட்டு, ஒரு பொண்ணு ரெண்டு கையையும் விட்டுட்டு முடியக் கட்டிக்கிட்டே ஓட்டுது. அம்மா கால் மணி நேரம் வாயே தொறக்கல. அப்புறம் கேட்டுச்சு, "ஏந்தம்பி, இந்த செவப்பு ரோட்ட யாரு கேட்டு வாங்குனா?"

யாரு போட்டான்னு கேக்கல பாருங்க. நான் இங்க வந்து ஒம்போது வருசமாச்சு, தெனமும் அந்தப் பாதைலதான் ஆபீஸ் போறேன், ஒரு தடவ கூட எனக்கு அப்படித் தோணுனதில்ல. டச்சுக்காரனுக்கு சைக்கிள் ரத்தத்துலயே இருக்கு, நாடும் தோசக்கல்லு மாதிரி தட்டையா கெடக்கு, ஓட்டுறான், அவ்ளோதான்னு எல்லாரும் சொல்றதத்தான் நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அம்மா புதுக்கோட்டைக்காரி. கேக்காம எதுவும் கெடைச்சதா அதுக்கு ஞாபகமே இல்ல.

தெரியாதவங்களுக்காக சொல்லிடுறேன். 1990-கள் ஆரம்பத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு, அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்க சொல்லிக்குடுக்குறதோட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்குடுத்தாங்க. கேலி, கிண்டல், அசிங்கமான பேச்சு எல்லாத்தையும் தாண்டி 1992 மகளிர் தினத்துல புதுக்கோட்டைல 1,500 பேருக்கு மேல பொம்பளைங்க சைக்கிள் ஊர்வலம் போனாங்க. எங்க அம்மாவுக்கு அப்ப இருபத்தாறு வயசு, எனக்கு மூணு. மாமாவோட ஜென்ட்ஸ் சைக்கிள எடுத்துக்கிட்டு களத்துமேட்டுல நெலா வெளிச்சத்துல கத்துக்கிச்சாம், பகல்ல கத்துக்கிட்டா வேடிக்கை பாக்குற கூட்டம் கூடிரும்னு. மொழங்கால்ல இன்னும் அந்தத் தழும்பு இருக்கு. லேடீஸ் சைக்கிள் கடைல வந்தப்புறமும் அம்மா ஜென்ட்ஸ் சைக்கிள விடல, ஏன்னா பார்ல குட்டி சீட்டு மாட்டி என்னய உக்கார வச்சுக்கலாம், பின்னாடி கேரியர்ல தண்ணிக் கொடம். எனக்கு ஞாபகம் இருக்குற முதல் ரோடு அந்த பார்ல உக்காந்து பாத்த ரோடுதான்.

அதனால அம்மா கேள்விக்கு மழுப்பலா பதில் சொல்ல முடியாது. அன்னைக்கு ராத்திரியே உக்காந்து படிச்சேன், அப்புறம் ரெண்டு மூணு வாரம் விடாம படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கே கொஞ்சம் வெக்கமாப் போச்சு, இவ்ளோ வருசம் இருந்துட்டு இது தெரியலயேன்னு.

ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி இங்க எல்லாரும் சைக்கிள்தான், அது உண்மைதான். ஆனா 1950, 60-கள்ல கையில காசு வந்துச்சு, கார் வந்துச்சு, சைக்கிள ஓரங்கட்டிட்டாங்க. ஊட்ரெக்ட்ல ஊரச் சுத்தி ஓடுன பழைய கால்வாய்ல ஒரு பகுதியத் தூர்த்துட்டு அதுமேலயே பெரிய மோட்டார் ரோடு போட்டாங்கன்னா பாத்துக்கங்க (அந்த ரோட்டத் தோண்டித் திரும்பத் தண்ணி விட்டு முடிச்சது 2020-ல). 1971-ல ஒரே வருசத்துல இந்தச் சின்ன நாட்டு ரோட்டுல 3,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 400-க்கு மேல சின்னப் புள்ளைங்க. விக் லாங்கன்ஹாஃப்னு ஒரு பத்திரிகைக்காரர், அவரு புள்ளையே ரோட்டுல அடிபட்டு செத்துருச்சு, அவரு எழுதுன கட்டுரைல வந்த வார்த்தைதான் 'ஸ்டாப் டி கிண்டர்மோர்ட்', அதாவது கொழந்தைக் கொலைய நிறுத்து. விபத்துன்னு சொல்லல, கொலைன்னு சொன்னாரு. அதே பேருல ஒரு இயக்கம் கெளம்புச்சு, அதோட முதல் தலைவர் மார்ட்யா ஃபான் புட்டன், இளம் வயசுப் பொம்பள, பின்னால ஐரோப்பிய பார்லிமென்ட் வரைக்கும் போனாங்க. தெருவ அடைச்சு புள்ளைங்கள விளையாட விட்டாங்க, பிரதமர் டென் அயில் வீட்டு வாசல்ல போயி பாட்டுப் பாடுனாங்க, அவரும் வெளிய வந்து பேசுனாராம். 1973 நவம்பர்ல எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயித்துக்கெழமைல காரே ஓடக்கூடாதுன்னப்ப ஹைவேல ஜனங்க சைக்கிள் ஓட்டிப் பாத்துருச்சு. 1975-ல சைக்கிள்காரங்க சங்கம், இப்ப அதுக்குப் பேரு ஃபீட்சர்ஸ்பாண்ட். ஆம்ஸ்டர்டாம்ல ஆபத்தான தெருவுல தாங்களே பெயின்ட் டப்பாவ எடுத்துட்டுப் போயி சைக்கிள் கோடு போட்டு போலீஸ்ல மாட்டிக்கிட்டவங்களும் உண்டு.

இதெல்லாம் சொன்னப்ப அம்மா தலைய மட்டும் ஆட்டுச்சு. "நெனச்சேன்" அப்டின்னுச்சு. அவ்ளோதான்.

ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது போராட்டக் கதை இல்ல, அது எல்லா ஊர்லயும் இருக்கு. அதுக்கப்புறம் நடந்த சோதனைதான். 1970-கள்ல அரசாங்கம் காசு குடுத்து ஹேக்லயும் டில்பர்க்லயும் ஊருக்கு நடுவுல ஒரு சூப்பர் சைக்கிள் பாதை போட்டுப் பாத்தாங்க. டில்பர்க் எங்க ஊர்ல இருந்து ட்ரெய்ன்ல அரை மணி நேரம்தான். போட்டது நல்ல பாதை, கொறையே சொல்ல முடியாது. ஆனா பக்கத்துத் தெருவுல ஓட்டிக்கிட்டு இருந்தவங்க இந்தப் பாதைக்கு மாறுனாங்களே தவிர ஊர்ல சைக்கிள் ஓட்டுறவங்க எண்ணிக்கை பெருசா ஏறல. அடுத்து 1980-கள்ல டெல்ஃப்ட்ல வேற மாதிரி பண்ணாங்க, ஒரு பெரிய பாதைக்குப் பதிலா ஊர் முழுக்க வலை. ஊருக்குக் குறுக்க போற பெரிய பாதைங்க சுமாரா 500 மீட்டருக்கு ஒண்ணு, அதுக்குள்ள ஏரியா அளவுல 200, 300 மீட்டருக்கு ஒண்ணு, அதுக்கும் உள்ள தெரு அளவுல இன்னும் நெருக்கமா. அறுந்து கெடந்த எடத்துல எல்லாம் ஒரு சின்னப் பாலம், ஒரு சுரங்கப்பாதை, ஒன்வேல சைக்கிளுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் அனுமதி, இப்படிச் சில்லறை வேலைங்கதான் நெறைய. அங்க ஓட்டுறவங்க எண்ணிக்கை ஏறுச்சு.

இத நான் பெரிய தத்துவம் மாதிரி அம்மாகிட்ட விளக்கிக்கிட்டு இருக்கேன், அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லுது, "மதகத் தொறந்து விட்டா மட்டும் போதுமா, கடமடைக்குத் தண்ணி போகணும்ல. நடுவுல ஒருத்தன் வாய்க்கால அடைச்சுருந்தா மேல எத்தன ஆழம் வெட்டி என்ன பண்ண." நான் மூணு ரிப்போர்ட் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது.

சரி, அம்மாவ ஓட்ட வச்ச கதைக்கு வரேன். பக்கத்து வீட்டுப் பாட்டி அவங்களோட பழைய சைக்கிள எரவல் குடுத்தாங்க, இங்க அதுக்கு ஓமாஃபீட்ஸ்னே பேரு, பாட்டி சைக்கிள். பாக்க நம்மூரு லேடீஸ் சைக்கிள் மாதிரிதான், ஆனா கைல பிரேக் கெடையாது, பெடல பின்னாடி மிதிச்சா பிரேக். அம்மாவுக்கு முப்பது வருசப் பழக்கம், ஏறுறதுக்கு முன்னாடி பெடல ரிவர்ஸ்ல ஒரு சுத்து சுத்தி மேல கொண்டு வரும். இங்க சுத்துனா சுத்தாது, வண்டி நட்டுக்கிட்டு நிக்குது. "என்னடா இது மாடு மாதிரி மொரண்டு புடிக்குது"ன்னு ரெண்டு நாள் திட்டிக்கிட்டே இருந்துச்சு. வலது பக்கம் ஓட்டுறது கூட ஒரே நாள்ல பழகிருச்சு.

மூணாவது வாரம் ஹோவன்ரிங் கூட்டிட்டுப் போனேன். ஐந்தோவன் ஃபெல்ட்ஹோவன் எல்லைல இருக்குற தொங்கும் ரவுண்டானா, கீழ காரு, மேல சைக்கிளுக்கு மட்டும் வட்டமா ஒரு பாலம், நடுவுல 70 மீட்டர் தூண்ல இருந்து கேபிள்ல தொங்குது. தொறந்த புதுசுல கேபிள் எல்லாம் அதிர ஆரம்பிச்சு மூடிட்டு, சரி பண்ணி 2012 ஜூன்லதான் ஒழுங்காத் தொறந்தாங்க. டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுப்பாங்க. அம்மா ரெண்டு சுத்து சுத்திட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு எறங்கிருச்சு. அதுக்குப் புடிச்சது வேற, ஒரு பச்ச நெற நம்பர் போர்டு.

அந்த போர்டப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எனக்கும் அதுமேல ஒரு பைத்தியம் உண்டு. க்னோப்பண்ட்னு சொல்வாங்க, முடிச்சுன்னு வச்சுக்கங்களேன். ரெண்டு மூணு சைக்கிள் பாதை சந்திக்கிற எடத்துல எல்லாம் ஒரு நம்பர். ஒவ்வொரு முடிச்சுலயும் பக்கத்து முடிச்சுக்கு அம்புக்குறி. நீங்க வீட்ல உக்காந்து மேப்பப் பாத்து 42, 17, 63, 8 அப்டின்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஹேண்டில்பார்ல ஒட்டிக்கிட்டா போதும், ஊர் பேரு தெரிய வேணாம், டச்சு தெரிய வேணாம், போனும் வேணாம். இது டச்சுக்காரன் மூளைல உதிச்சது இல்ல. எங்களுக்குத் தெக்க எல்லையத் தாண்டுனா பெல்ஜியத்தோட லிம்பர்க், நிலக்கரிச் சுரங்க ஊருங்க. 1980-கள் கடைசில இருந்து சுரங்கம் எல்லாம் ஒண்ணொண்ணா மூடி 1992-ல கடைசிச் சுரங்கமும் மூடிட்டாங்க. ஹ்யூகோ போலன்னு ஒரு சுரங்க இன்ஜினியர், சுரங்கத்துக்கு உள்ள இருட்டுல வழி தப்பாம இருக்க சந்திப்புக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சுருக்குறது அவருக்குப் பழகுன விஷயம், அதையே மேல கொண்டு வந்தா என்னன்னு யோசிச்சாரு. 1995-ல லிம்பர்க்ல ஆரம்பிச்சு, நாலஞ்சு வருசத்துல எல்லை தாண்டி நெதர்லாந்துக்கும் வந்து, இப்ப ரெண்டு பக்கமும் பெரும்பாலான எடத்துல அதே நம்பர் மொறைதான். சுரங்கம் மூடி வேலை போன ஊருக்கு சைக்கிள்காரங்க வர ஆரம்பிச்சாங்க. இப்ப அங்க போக்ரைக்ல கொளத்துக்கு நடுவுல தண்ணிய ரெண்டாப் பொளந்தாப்ல ஒரு பாதை இருக்கு, ஓட்டுறப்ப தண்ணி நம்ம கண்ணு மட்டத்துல நிக்கும்.

எனக்கு இதுல புடிச்சது என்னன்னா புது ரோடு அனேகமா எதுவும் போடல. இருந்த வண்டிப்பாதை, கால்வாய்க் கரை, காட்டுப் பாதை, சந்து, இதையெல்லாம் தெரிஞ்சவங்கள வச்சு கோத்து, அறுந்த எடத்த மட்டும் ஒட்டுப் போட்டு, நம்பர் குடுத்தாங்க. அம்மா ஒரு சீட்டுல ஆறு நம்பர எழுதிக்கிட்டு தனியாப் போயிட்டு ரெண்டரை மணி நேரம் கழிச்சு வந்துச்சு. நான் வீட்ல உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருந்தேன், அது பாட்டுக்கு எங்கயோ பண்ணைல வாங்குன முட்டையோட வந்து எறங்குது.

இங்க எல்லாம் சொர்க்கம்னு நெனச்சுக்காதீங்க. 2022-ல இந்த நாட்டுல 291 சைக்கிள்காரங்க ரோட்டுல செத்துருக்காங்க, காருக்குள்ள இருந்து செத்தவங்கள விட அதிகம், நெறைய பேரு வயசானவங்க. அம்மாவும் ஒரு நாள் நூலிழைல தப்பிச்சுச்சு. ரவுண்டானால ஊருக்குள்ள சைக்கிளுக்கு முன்னுரிமை, ஊருக்கு வெளிய காருக்கு முன்னுரிமைங்கிறதுதான் பொதுவான வழக்கம். தரைல வெள்ளையா முக்கோணப் பல்லு வரஞ்சுருப்பாங்க, சுறாப்பல்லுன்னு பேரு, அது கூர் யாரப் பாத்து இருக்கோ அவங்க நிக்கணும். அம்மா ஊருக்குள்ள பழகுன மாதிரியே ஊருக்கு வெளியவும் நிக்காமப் போயிருச்சு, வேன்காரன் போட்ட பிரேக் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அம்மா தப்புதான், ஆனா ரெண்டு கி.மீ. இடைவெளில சட்டம் தலைகீழா மாறுனா மனுசன் எப்படி ஓட்டுறது. அம்மா கேட்ட கேள்வி, "இத யாருகிட்ட போயி கேக்கணும்?"

அதுக்கு பதில் எனக்குத் தெரியும், ஏன்னா நான் ஒன்றரை வருசமா சைக்கிள் சங்கத்தோட ரூட் பிளானருக்கு சின்னதா உதவி பண்ணிக்கிட்டு இருக்கேன். நாடு முழுக்க வாலண்டியருங்க சேந்து பண்றது அது, ஆளுக்குக் கொஞ்சம் ஏரியா. ஒவ்வொரு துண்டு ரோட்டையும் ஓட்டிப் பாத்து தாரா, செங்கல்லா, மண்ணா, ராத்திரி வெளிச்சம் உண்டா, பக்கத்துல லாரித் தொந்தரவு உண்டா, பாக்க அழகா இருக்கான்னு வரைக்கும் பதியணும். அந்தத் தகவலாலதான் ராத்திரி வெளிச்சம் இருக்குற வழியத் தேடவும் முடியுது. இதப் பதியுற சாக்குல எங்க வேர் தூக்கிருக்கு, எங்க பாதைக்கு நடுவுல இருக்குற குட்டைத் தூணு இருட்டுல தெரியல, எந்த சிக்னல்ல ரொம்ப நேரம் நிக்க வைக்கிறான் எல்லாம் தெரிஞ்சுரும்.

எங்க பக்கத்து ஆளுங்க மாசத்துக்கு ஒரு தடவ கூடுவோம். அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். ஒரு காபி, ஒரே ஒரு பிஸ்கட், அப்புறம் டப்பாவ மூடிருவாங்க (இது உண்மைங்க, கிண்டலுக்காக சொல்லல, அம்மா இன்னும் ஊர்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்குது). வந்தவங்கள்ல பாதிப் பேரு ரிட்டயர் ஆனவங்க. ஒரு தாத்தா ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு ஒரே சிக்னல்ல வேற வேற நேரத்துல நின்னு செகண்ட் கணக்கு எழுதி நோட்டு நோட்டா வச்சுருக்காரு. நான் ரவுண்டானா விஷயத்த சொன்னதும் அவரு கேட்ட முதல் கேள்வி, "அது யாரோட ரோடு?"

எனக்குப் புரியல. அவரு பொறுமையா சொன்னாரு. இங்க ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு, முனிசிபாலிட்டி ரோடு, மாகாண ரோடு, மத்திய அரசு ரோடு, சில எடத்துல தண்ணி வாரியத்தோட ரோடு. ஒருத்தன்கிட்ட இன்னொருத்தன் ரோட்டப் பத்தி எழுதுனா மரியாதையா ஒரு லெட்டர் வரும், இது எங்க பொறுப்பு இல்லன்னு, அதுலயே ஆறு மாசம் போயிரும். அதனால மொதல்ல சொந்தக்காரனக் கண்டுபுடி, அப்புறம் போட்டோ, அப்புறம் என்ன வேணும்னு ஒரே ஒரு வரி. ரெண்டு ஊருக்கு நடுவுல போற பாதைதான் எப்பவும் செத்துப்போகும்னாரு, ஏன்னா எல்லைல வந்து நின்னுட்டா ரெண்டு ஊருக்காரனுக்கும் அது கடைசித் தெரு. ஆர்னம்ல இருந்து நைமேகன் வரைக்கும் 2015-ல ஒரு நீளமான சைக்கிள் பாதை தொறந்தாங்க, ரைன்வால்பாட்னு பேரு, அந்த ஒரு பாதைக்கு நாலு முனிசிபாலிட்டி ஒத்துக்கணும். அது நைமேகன் பக்கம் ஆத்தத் தாண்டுறது ரயில் பாலத்தோட ஓரத்துல ஒட்டுன ஒரு சைக்கிள் பாலத்துல, அதுக்குப் பேரு ஸ்னெல்பிண்டர், 2004-ல கட்டுனது. டச்சுல ஸ்னெல்பிண்டர்னா கேரியர்ல சாமான் கட்டுற எலாஸ்டிக் வாரு. நம்ம ஊர்ல பழைய ட்யூப வெட்டி கேரியர்ல கட்டுவோம்ல, அதேதான். இத அம்மாகிட்ட தமிழ்ல சொன்னதும் அதுக்கு ரொம்ப சந்தோசம், அந்தக் கூட்டத்துலயே அது ஒண்ணுதான் அதுக்கு முழுசாப் புரிஞ்சதுன்னு நெனச்சேன். தப்பு.

ஏன்னா அம்மா ஊருக்குத் திரும்பிப் போயி ரெண்டு மாசம் கழிச்சு, டிசம்பர் லீவுல நான் போனா, வீட்டுத் திண்ணைல பழைய காலண்டர் அட்டைக்குப் பின்பக்கம் ஒரு மேப் கெடக்கு. எங்க ஊர்ல இருந்து ஹைஸ்கூல் இருக்குற ஊருக்கு மெயின் ரோட்டுல அஞ்சு கி.மீ. நான் படிச்சப்ப ரெண்டு பஸ்ஸு எதிரும் புதிருமா வந்தா ஒண்ணு மண்ணுல எறங்கி நிக்கும், இப்ப அகலப்படுத்தி கார் எல்லாம் பறக்குது. 2000-களோட ஆரம்பத்துல எஸ்சி, எஸ்டி பொண்ணுங்களுக்குன்னு வந்த இலவச சைக்கிள் திட்டம், அப்புறம் பசங்களுக்கும் சேத்து எல்லாருக்கும்னு ஆகி, இப்ப பதினொண்ணாவது படிக்கிற புள்ளைங்க எல்லார் வீட்லயும் ஒரு சைக்கிள் நிக்குது. நின்னுக்கிட்டேதான் இருக்கு. என் தங்கச்சி மகளோட சைக்கிள்ல அவிச்ச நெல்லு மூட்டைய சாத்தி வச்சுருக்காங்க, அவ ஷேர் ஆட்டோல போறா, ஏன்னா மெயின் ரோட்டுல சைக்கிள்ல விட வீட்ல யாருக்கும் தைரியம் இல்ல. அந்த வீட்டுல இருக்குற பாட்டி 1992-ல இதே மெயின் ரோட்டுல கொடத்தோட ஓட்டுனவ.

அம்மா மேப்புல மெயின் ரோடே இல்ல. கண்மாய்க் கரை, பழைய வண்டிப்பாதை, அய்யனார் கோயில் பின்பக்கம், ஓடை, அந்தப் பக்கத்து ஊரு களம், ஸ்கூலு. ஆறரை கி.மீ. வருது, சுத்துதான். அம்மாவும் அந்தக் காலத்துல கூடக் கத்துக்கிட்ட ரெண்டு பெரியம்மாவும் என் தங்கச்சி மகளும் அவ சிநேகிதிகளும் நாலு ஞாயித்துக்கெழம ஓட்டிப் பாத்து, அறுந்த எடத்துல எல்லாம் பெருக்கல் குறி போட்டுருக்காங்க. சந்திக்கிற எடத்துல எல்லாம் நம்பர். ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும். நான் சிரிச்சதுக்கு அம்மா மொறச்சுச்சு.

அறுந்த எடம் மூணுதான். கரை ரெண்டு எடத்துல ஒடஞ்சு கெடக்கு, கிராவல் அடிக்கணும். ஓடைக்குக் குறுக்க மழைக் காலத்துல மொழங்கால் தண்ணி, ஒரு குழாய்ப் பாலம் வேணும். மூணாவதுதான் வினையே, எப்படிச் சுத்தி வந்தாலும் ஒரே ஒரு எடத்துல மெயின் ரோட்டத் தாண்டித்தான் ஆகணும், அங்க வெளக்கும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ஆறரை கி.மீ.ல அந்த இருபது மீட்டருக்காகத்தான் இத்தன சைக்கிளும் சும்மா நிக்குது.

ஜனவரி 26 கிராம சபைல அம்மா எந்திரிச்சுப் பேசுச்சு. நான் அப்பவே திரும்பி வந்துட்டேன், தங்கச்சி வீடியோ எடுத்து அனுப்புனா, பாதி நேரம் யாரோ ஒருத்தரோட முதுகுதான் தெரியுது. கிராவலுக்கு நூறு நாள் வேலைல சேத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. குழாய்ப் பாலத்துக்கு எஸ்டிமேட் போடணும்னாங்க. ரோடு தாண்டுற எடத்துக்கு வெளக்கும் கோடும் கேட்டதுக்கு அங்க உக்காந்துருந்த ஒருத்தரு, "அம்மா, அது நம்ம பஞ்சாயத்து ரோடு இல்லம்மா, நாம ஒண்ணும் பண்ண முடியாது" அப்டின்னாரு. பின்னாடி ரெண்டு பேரு சிரிக்கிற சத்தம் கேக்குது. அம்மா உக்காரல.

"சரி, அப்ப அது யாரோட ரோடுன்னு இந்தத் தீர்மான நோட்டுலயே எழுதிக் குடுங்க, நாங்க அவங்ககிட்ட போறோம்."

எழுதிட்டாங்க. அந்தப் பக்கத்தோட போட்டோ என் போன்ல இருக்கு, ஸ்டாப்வாட்ச் தாத்தாகிட்ட காட்டுனேன், தமிழ்ல என்ன எழுதிருக்குன்னு வரி வரியா கேட்டு வாங்கிக்கிட்டாரு. மனு போயிருக்கு, ரசீது இருக்கு, வெளக்கு இன்னும் வரல. கரைல கிராவல் அடிச்சாச்சு. போன வாரம் அம்மா பேசுனப்ப சொன்னது, நாலு பொண்ணுங்க சனிக்கெழம ஸ்பெஷல் கிளாசுக்கு அந்த வழியா போக ஆரம்பிச்சுருக்காம், ரோடு தாண்டுற எடத்துல மட்டும் ஒரு பெரியம்மா காலைலயும் சாயந்தரமும் செவப்புத் துண்டோட நின்னு தாட்டி விடுறாங்களாம். நம்பர் எல்லாம் சுண்ணாம்புல எழுதுனது மழைல பாதி அழிஞ்சுருச்சு, பெயின்ட் வாங்க எவ்ளோ ஆகும்னு கேட்டுச்சு. அப்புறம், நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரே சீமக்கருவேல முள்ளு, தெனம் ஒருத்திக்காவது பஞ்சராம், உங்க ஊர்ல முள்ளு ஏறாத டயர் எதாவது விக்குமான்னு பாத்துட்டு வரச் சொல்லிருக்கு.